வாடை கச்சானாகும் வரை

அந்தமானுக்குக் கீழே
மாவில் பெருவிரல் அழுந்தியதுபோல் ஒரு பள்ளம்,
அவ்வளவுதான் என்றான் தயாபரன்.
வியாழன் அது சுழன்றது.
வெள்ளி காலை அதற்குப் பெயர் வைத்தார்கள்.
பெயர் கேட்டபிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நாங்கள் மூன்று பேர்.
அவன் நில அளவைக் கந்தோர்.
நுஸ்ரத்துக்குக் கிண்ணியாவில் மருந்துக்கடை.
நான் வங்கியில் அடைவு பிடிக்கிற மேசை.
காப்பு, சங்கிலி, சோடி தவறிய தோடு,
உரசிப் பார்த்து நிறுத்து எழுதுவது தொழில்.
மிச்ச நேரமெல்லாம்
வானத்தை நிறுக்கிறேன்.

ஐரோப்பியக் கணிப்பு முல்லைத்தீவு என்றது.
அமெரிக்கக் கணிப்பில் கோடு
நேரே எங்கள் வளவுக்குள் வந்தது.
நாங்கள் அமெரிக்காவை நம்பினோம்,
வாழ்க்கையில் முதல் தடவையாக.

ஆயிரத்தெட்டு, என்று நுஸ்ரத் அனுப்புவாள்.
ஆயிரத்தாறு.
பிள்ளையைப் படுக்கப்போட்டுவிட்டு, ஆயிரத்து நாலு.
இலக்கம் இறங்க இறங்க
எங்கள் குரல் ஏறியது.

வெள்ளி பின்னேரம், மேசை மூடப்போகிற நேரம்
திருக்கடலூர் புஷ்பகாந்தி வந்து
விரலைச் சவர்க்காரம் போட்டுக் கழற்றிய மோதிரத்தை வைத்தாள்.
வள்ளத்தை றோட்டுக்கு மேலே இழுக்க
ட்ராக்டர்காரன் எட்டாயிரம் கேட்கிறானாம்.
"வராது தானே மிஸ்?"
"சொல்லேலாது" என்றேன்.
காசை எண்ணினவள் நிமிர்ந்து பார்த்தாள்.
"உங்களுக்கு வரவேணும் போல கிடக்கு."

மறுநாள் டச்பே கடற்கரையில்
அலைக்கும் அலைக்கும் நடுவே மணிக்கூடு பிடித்தோம்.
பன்னிரண்டு விநாடி.
தூரத்தில் புறப்பட்ட அலை என்றான் தயாபரன்;
அதன் முகவரியை நாங்கள் மூவரும் அறிந்திருந்தோம்.
கோட்டை மான்கள் புல்லை விட்டுவிட்டு
பஸ் நிலையக் கூரைக்குள் வந்து நின்றன,
டிக்கெட் எடுத்த மாதிரி.
வாடை அடித்தது. சாரத்தை ஒரு கையால் பிடித்தபடி
கச்சான் விற்கிறவர் கேட்டார்:
"தம்பி, அடிக்குமோ?"
"அடிக்கும்" என்றான்,
கலியாண நாள் குறித்தவனின் முகத்தோடு.
வண்டிச் சில்லுக்கு வைத்த கல்லைக் காலால் தட்டிவிட்டு
அவர் தள்ளிக்கொண்டு போனார்.

இரவு பத்தரைக்கு மின்சாரம் போனது.
மெழுகுதிரி, பரோமீட்டர், நான்.
முள் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழில் நின்றது.
வடக்கு யன்னல் சட்டம் பல்லைக் கடித்தது.
சத்தியமாய்ச் சொல்கிறேன்,
அந்த நேரம் ஒரு கூரையும் என் நினைவில் இல்லை,
என்னுடையதுகூட.
வா, என்றுதான் இருந்தேன்.

இரண்டு நாற்பதுக்குக் காற்று நின்றது.
அழுகிற பிள்ளை மூச்சுப் பிடிப்பதுபோல.
பிறகு வேப்பமரம் மறுபக்கம் சரிந்தது.
குசினிப் பக்கத்துக் கதவு அடித்துக்கொண்டது.
கடல் மணம் இல்லை; ஈர மண், வைக்கல், மாட்டுச் சாணி.
மேற்கு.
தயாபரன் ஒரே ஒரு சொல் அனுப்பினான்:
"கச்சான்."
வெகுநேரம் கழித்து நுஸ்ரத் கேட்டாள்,
"வறுத்ததோ, அவிச்சதோ?"

இருட்டில் தனியே இருந்து சிரித்தேன்.
சிரிப்பு பாதியில் கெட்டது.
எங்களைக் கடந்தது எங்கோ போய்ச் சேர்ந்திருக்கும்.
வடக்கே ஒருத்தி இப்போது
கதவுக்கு முதுகைக் கொடுத்து நிற்பாள்.
அவளிடம் பரோமீட்டர் இராது.

விடியமுன் ஆயிரம். ஆயிரத்து ஒன்று.
மழைமானியில் முப்பத்தொரு மில்லிமீட்டர்,
அதோடு ஒரு செத்த எறும்பு.
எழுதிவைத்தேன்.

திங்கள் பெட்டகம் திறந்தபோது
கடித உறை வைத்த இடத்திலேயே இருந்தது.
இரண்டு கிராம், நானூறு மில்லி.
வள்ளம் இன்னும் றோட்டோரத்தில் கிடக்கிறதாம்,
இறக்கவும் அதே ட்ராக்டர்காரன் தான் வேண்டும்.
அடிக்காத புயலுக்கு
வட்டி ஓடத் தொடங்கியிருந்தது.